வியூவுக்குள் குடியேறிய ஆர்டர் பை

வரிசை என்பது ஒரு காலத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயமாக இருந்தது. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தி அட்டைகளில் துளையிட்டு வைத்த ஊழியர் விவரங்களை எண்வாரியாக அடுக்க வேண்டுமென்றால், அட்டைக்கட்டைத் தூக்கிக்கொண்டுபோய் சார்ட்டர் இயந்திரத்தில் வைக்க வேண்டும். ஐபிஎம் 083 என்ற சார்ட்டர் நிமிடத்துக்கு 1,000 அட்டைகளைப் பிரித்துப் போடும். ஆனால் ஒரு ஓட்டத்தில் ஒரு பத்தியைத்தான் பார்க்கும். ஐந்து இலக்க ஊழியர் எண் என்றால் ஐந்து ஓட்டம், கடைசி இலக்கத்தில் தொடங்கி முதல் இலக்கம் வரை. கட்டு கைதவறி விழுந்தால் வரிசையும் போயிற்று. பின்னால் வந்த காந்த நாடாவிலும் இதே நிலைதான். நாடாவில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. சம்பளக் கோப்பும் அந்த மாதத்து மாற்றங்களின் கோப்பும் ஒரே வரிசையில் இருந்தால்தான் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் இணைக்கலாம். ஆகவே அன்றைய நிரலர்களுக்கு, பதிவு இருக்கும் இடமும் அது வந்து சேரும் வரிசையும் ஒன்றேதான்.

இந்தப் பிணைப்பை அறுத்தவர் எட்கர் காட். 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, 1970 ஜூன் மாதத்து கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்று புழங்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ்களின் வேர். டேபிள்களைப் பற்றிய கட்டுரையாகவே பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் ஆரம்பப் பக்கங்களில் அவர் வைக்கும் புகார் வேறு. அன்றைய மென்பொருள்கள் மூன்று விஷயங்களைத் தேவையில்லாமல் சார்ந்து நிற்கின்றன என்கிறார்: சேமித்த வரிசை, இண்டெக்ஸ், பதிவைச் சென்றடையும் பாதை. மூன்றில் முதலில் அவர் எடுத்துக்கொள்வது வரிசையை. உதிரிப்பாகங்களின் கோப்பு பாக எண்படி அடுக்கப்பட்டிருப்பதை நம்பி எழுதிய நிரல், சேமிக்கும் வரிசை என்றாவது மாறினால் உடைந்துபோகும் என்று எச்சரிக்கிறார். பதிலாக அவர் கணிதத்தின் கணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கணத்துக்கு உறுப்புகள் உண்டு. முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் கிடையாது.

டேட்டாபேஸின் உள்ளே அது சரி. வெளியே நிற்கும் மனிதருக்கு வரிசை வேண்டுமே. மதிப்பெண் பட்டியலை வரிசையில்லாமல் யாரிடம் நீட்டுவது? அதே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் முன்வைத்த சீக்வெல் மொழி, பிறகு எஸ்கியூஎல் என்று பெயர் சுருங்கி வளர்ந்தபோது, ஆர்டர் பை என்ற வரிக்கு அதில் இடம் கிடைத்தது. அந்த இடம் எது என்பதுதான் இதில் முக்கியம். 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி எஸ்கியூஎல்லுக்கு முதல் தரநிலையை வெளியிட்டபோது, ஆர்டர் பை கர்சர் அறிவிப்போடு சேர்ந்திருந்தது. கோபால் மொழியில் எழுதிய நிரல் ஒன்று டேட்டாபேஸிலிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும் வாசல்தான் கர்சர். கூட்டமாக உள்ளே கிடக்கும் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரத் தொடங்குவது அங்கேதான். அந்த வாசலுக்கு உள்ளே வரிசை என்ற பேச்சே இல்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பின்னால் வந்த குழப்பம் எல்லாமே இந்த வரியை வாசலிலிருந்து பெயர்த்து உள்ளே கொண்டுபோனதால் வந்தது.

அப்படிக் கொண்டுபோகத் தோதான அறையாக அமைந்தது வியூ. சேம்பர்லின், ஜிம் கிரே, இர்விங் டிரைகர் மூவரும் 1975இல் எழுதிய கட்டுரை வியூவைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஒரு க்வெரியை எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், அன்றிலிருந்து அதை ஒரு டேபிளைப் போலவே அழைக்கலாம். தரவு எதுவும் அதற்குள் தங்குவதில்லை; கேட்கும்போதெல்லாம் அந்த க்வெரி, கேட்டவரின் க்வெரியோடு கலந்து ஓடுகிறது. சம்பளப் புலத்தை மறைத்து மற்றதைக் காட்டலாம், நான்கு டேபிள்களை இணைத்து ஒன்றாகக் காட்டலாம். டேபிளுக்கு வரிசை இல்லை என்றால், டேபிளைப் போல நடந்துகொள்ளும் வியூவுக்கும் இல்லை. 1992 தரநிலையிலும் வியூவின் வரையறையில் ஆர்டர் பை எழுத அனுமதியே கிடையாது. 2008இல்தான் தரநிலை அதைத் தளர்த்தியது.

பிறகு ஏன் எல்லோரும் வியூவிடம் வரிசையை எதிர்பார்த்தார்கள்? கேட்காமலே பல சமயம் கிடைத்துவிட்டதால்தான். பட்ரீஷியா செலிங்கரும் அவர் குழுவும் 1979இல், ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் டேட்டாபேஸில் க்வெரிக்கு வழி தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரைப் பற்றி எழுதிய கட்டுரையில், எந்த வழியில் போனால் பதிவுகள் பயனுள்ள வரிசையில் தாமாகவே வந்து விழும் என்பதையும் கணக்கில் எடுக்கும் முறையை விளக்கினார்கள். இண்டெக்ஸ் வழியாகப் படித்தால் இண்டெக்ஸின் வரிசையில் வரும். குரூப் பை செய்ய முதலில் அடுக்கினால், முடிவும் அடுக்கியபடி வரும். இவை ஆப்டிமைசர் தன் வசதிக்காகச் செய்துகொள்பவை. நாளை வேறு வழி மலிவாகத் தெரிந்தால் அந்த வழியில் போகும். ஆனால் திரையின் முன்னால் இருப்பவர் நூறு முறை ஒரே வரிசையைப் பார்த்தபின், அதை டேபிளின் குணம் என்றே முடிவு செய்துவிடுகிறார்.

இதை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் ஒரு புது டேபிள் செய்து மூன்று பேரைப் போடுங்கள்: 1 முருகன், 2 செல்வி, 3 அன்வர். ஆர்டர் பை இல்லாமல் எல்லாவற்றையும் கேட்டால் 1, 2, 3 என்று வரும். செல்வியின் தொலைபேசி எண்ணை மட்டும் அப்டேட் செய்துவிட்டு மறுபடி கேளுங்கள். 1, 3, 2. போஸ்ட்கிரெஸ் பழைய பதிவின் மேல் எழுதுவதில்லை. பதிவின் புதுப் பிரதியைப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாததாக ஆக்குகிறது. டேபிளை நேராகப் படிக்கும்போது செல்வி கடைசியில் வருவது அதனால்தான். அழித்த பதிவுகளின் இடத்தை வேக்கூம் என்ற துப்புரவு வேலை மீட்டுக் கொடுத்தபின், இன்று சேர்ந்தவர் பட்டியலின் நடுவில் போய் உட்காரவும் செய்வார். எந்தப் பிழையும் நடக்கவில்லை. யாரும் எந்த வாக்குறுதியையும் மீறவும் இல்லை.

வியூவுக்குள் ஆர்டர் பை நுழைந்த கதையில் அதிகம் பேசப்பட வேண்டியது மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர். அது ஆரம்பத்திலிருந்தே வியூவில் ஆர்டர் பை எழுதினால் ஏற்காது. 1998இல் வந்த 7.0 பதிப்பில் டாப் என்ற வசதி சேர்ந்தது: முதல் பத்து, முதல் நூறு, முதல் இத்தனை சதவீதம் என்று கேட்கலாம். முதல் பத்து என்றால் எதன்படி முதல் என்று சொல்லியாக வேண்டும். அதனால் டாப் இருக்கும் இடத்தில் மட்டும் ஆர்டர் பை வியூவுக்குள் அனுமதிக்கப்பட்டது. அங்கே அதன் வேலை ஆள் எடுப்பது மட்டுமே. அணிக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது வேறு, அவர்கள் எந்த வரிசையில் மட்டை பிடிக்க வருவார்கள் என்பது வேறு.

கதவில் இந்தச் சின்ன இடைவெளி போதுமானதாக இருந்தது. டாப் 100 பர்சென்ட் என்று எழுதி ஆர்டர் பையைச் சேர்த்தால் வியூ மறுப்பில்லாமல் உருவானது. நூறு சதவீதம் என்றால் எல்லாப் பதிவும், தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. ஆனாலும் 2000 பதிப்பு அதை அப்படியே ஓட்டி, அடுக்கியும் கொடுத்தது. நிரலர்கள் கண்டுபிடித்த குறுக்குவழியாக மட்டும் இது இருந்திருந்தால் பரவாயில்லை. எஸ்கியூஎல் சர்வரின் எண்டர்பிரைஸ் மேனேஜர் என்ற கருவியில் வியூவை வரைந்து உருவாக்கும் திரையில், ஒரு புலத்துக்கு நேரே ஏறுமுகம் என்று தேர்வு செய்தால் போதும், அந்தக் கருவியே டாப் 100 பர்சென்ட்டைச் சேர்த்து எழுதியது. கற்றுக்கொள்ள வந்த ஒருவர், தயாரித்தவர்களின் கருவியே எழுதிக் கொடுப்பதை எப்படிச் சந்தேகிப்பார்? மென்பொருள் தரும் திரைகளும் பாடம்தான் நடத்துகின்றன. இந்தத் திரை ஒரு தலைமுறைக்குத் தவறான பாடத்தை நடத்தியது என்றே சொல்வேன்.

2005 நவம்பரில் புதிய பதிப்பு வந்தது. அதன் ஆப்டிமைசர் கூர்மையானது. நூறு சதவீதமும் வேண்டும் என்றால் டாப் தேவையில்லை, டாப் இல்லையென்றால் அதற்குத் துணைவந்த ஆர்டர் பைக்கும் வேலையில்லை என்று கண்டுகொண்டு இரண்டையும் கழற்றிவிட்டது. தர்க்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பதிப்பை மாற்றிய இடங்களிலெல்லாம் அறிக்கைகளும் திரைப் பட்டியல்களும் கலைந்து வந்தன. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை; எண்ணிக்கை சரி, தொகை சரி, வரிசை மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட் பின்னர் இதற்காக ஒரு ஹாட்ஃபிக்ஸே வெளியிட வேண்டியிருந்தது. அதையும் நிறுவிவிட்டு டிரேஸ் ஃபிளாக் ஒன்றைத் தனியே இயக்கினால்தான் பழைய நடத்தை திரும்பும். இன்று அவர்களுடைய ஆவணங்கள் தெளிவாகவே சொல்கின்றன: வியூவில் இருக்கும் ஆர்டர் பை, டாப் எந்தப் பதிவுகளை எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான்; முடிவின் வரிசைக்கு, கேட்கும் க்வெரியிலேயே ஆர்டர் பை வேண்டும்.

பலர் அதற்குப் பிறகும் விடவில்லை. நூறு என்றால்தானே கழற்றுகிறது என்று 99.99 பர்சென்ட் எழுதினார்கள். இதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சதவீதக் கணக்கில் பின்னம் வந்தால் எஸ்கியூஎல் சர்வர் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளும். அதனால் சில ஆயிரம் பதிவுகள் இருக்கும்வரை ஒன்றும் குறையாது. சோதனை செய்தவர் திருப்தியாகக் கிளம்பிவிடுவார். டேபிள் 20,000 பதிவுகளாக வளர்ந்திருக்கும் ஒரு நாளில் கடைசி ஒன்றிரண்டு பதிவுகள் வியூவிலிருந்து காணாமல் போயிருக்கும். தேதியை ஏறுமுகமாக அடுக்கிய வியூ என்றால் காணாமல் போவது இன்று போட்ட பில். வரிசைக்காகச் செய்த தந்திரம் தரவையே தின்றுவிடுகிறது. வேறு சிலர் டாப் 2147483647 என்று, 32 பிட் முழு எண்ணின் உச்சத்தை எழுதினார்கள். அது பதிவுகளைத் தின்னாது; ஆனால் வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது. அந்த வியூவை இன்னொரு டேபிளோடு ஹேஷ் ஜாயினில் இணைத்தாலோ, பல பிராசசர்களில் வேலை பிரிந்து ஓடினாலோ, உள்ளே அடுக்கிய சிரமம் வீண்.

மற்ற டேட்டாபேஸ்கள் வாசலை அகலத் திறந்தே வைத்திருக்கின்றன. ஆரக்கிள் 8ஐ காலத்திலிருந்து வியூவில் ஆர்டர் பையை ஏற்கிறது. மைஎஸ்கியூஎல் ஏற்கிறது, கேட்கும் க்வெரியில் தனியாக ஆர்டர் பை இருந்தால் உள்ளே இருப்பதை விட்டுவிடும் என்று ஆவணத்தில் சொல்லிவைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸும் ஏற்கிறது, சொன்னபடி அடுக்கவும் செய்கிறது. அங்கே சிக்கல் வேறு. அடுக்கிய வியூவிடம் எத்தனை பதிவுகள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்டாலும், அது எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத்தான் எண்ணும். அடுக்குவதற்கு அது இயல்பாக ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம் 4 எம்பி. அதற்கு மேல் போனால் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதும். எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால் எக்ஸ்டெர்னல் மெர்ஜ் என்று அந்த இடத்தில் தெரியும். யாரும் பார்க்கப்போகாத வரிசைக்காக டிஸ்க் சுழல்கிறது.

கேட்காமல் கிடைத்துவந்த வரிசைகளும் ஒவ்வொன்றாகப் போயின. 2005இல் ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீட்டில் குரூப் பைக்கு ஹேஷ் முறை வந்தது; குரூப் செய்தாலே அடுக்கியதும் ஆகும் என்ற பழைய நம்பிக்கை அங்கே முடிந்தது. 2008இல் போஸ்ட்கிரெஸ் 8.3, ஒரே பெரிய டேபிளை இருவர் படித்தால் இரண்டாமவர் முதலாமவரோடு பாதியில் சேர்ந்து படித்துவிட்டு, விட்ட முன்பகுதியைப் பிறகு படிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் டேபிளின் தொடக்கம் என்ற ஒன்றையே நம்ப முடியாது. அடுத்த ஆண்டு 8.4இல் டிஸ்டிங்க்ட்டும் ஹேஷுக்கு மாறியது. 2018இல் மைஎஸ்கியூஎல் 8.0, குரூப் பை தானாக அடுக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. இவை எல்லாம் வேகத்துக்காகச் செய்த நல்ல மாற்றங்கள். காட் 1970இல் கொடுத்த சுதந்திரத்தை டேட்டாபேஸ் எழுதுபவர்கள் தாமதமாகவேனும் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கப் பொறுப்பு நம்முடையது.

அந்தப் பொறுப்பு என்ன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியாகக் கேட்பவர் யாரோ, அவர்தான் ஆர்டர் பை எழுத வேண்டும். வியூவின் வேலை, அடுக்குவதற்குத் தேவையான புலத்தைக் கொடுத்து வைப்பது. மாதவாரி அறிக்கைக்கான வியூ சித்திரை, வைகாசி என்று பெயரை மட்டும் தந்தால், கேட்பவர் எவ்வளவு ஒழுங்காக ஆர்டர் பை எழுதினாலும் ஆடிதான் முதலில் வரும். மாத எண்ணை இன்னொரு புலமாக வியூவிலேயே கொடுத்துவிட்டால் எல்லோரும் அதன்படி அடுக்கிக்கொள்வார்கள். சிக்கலான தரவரிசை என்றால் ரோ நம்பர் போட்டு எண்ணாகவே கொடுக்கலாம். அந்த எண் பதிவோடு ஒட்டியே போகும். எந்த ஜாயினிலும் உதிராது.

வெளியே எழுதும் ஆர்டர் பையிலும் கவனம் வேண்டும். தேதிவாரியாக மட்டும் அடுக்கினால், ஒரே தேதியில் இருக்கும் நாற்பது பில்களுக்கிடையே எது முன், எது பின் என்று யாரும் சொல்லவில்லை. பக்கம் பக்கமாகக் காட்டும் திரையில் இது உடனே கடிக்கும். முதல் இருபதை மட்டும் எடுக்கும்போதும் முழுவதையும் அடுக்கும்போதும் போஸ்ட்கிரெஸ் வெவ்வேறு முறைகளைக் கையாள்கிறது. ஒரே பில் முதல் பக்கத்திலும் இரண்டாம் பக்கத்திலும் வரலாம், இன்னொன்று எந்தப் பக்கத்திலுமே வராமல் போகலாம். கடைசியில் பில் எண்ணையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. டேட்டாபேஸ் மாறினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மதிப்பே இல்லாத நல் பதிவுகளை ஏறுமுகத்தில் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் கடைசியில் வைக்கும், எஸ்கியூஎல் சர்வரும் மைஎஸ்கியூஎல்லும் முதலில் வைக்கும்.

தமிழ்ப் பெயர்களை அடுக்குபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. யூனிகோடில் நம் எழுத்துகளின் எண்கள் அரிச்சுவடி வரிசையில் அமையவில்லை. ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும், ழவும் ளவும் வ-வுக்கு முன்னாலும் நிற்கின்றன. எழுத்துகளை அடுக்கும் விதியான கொலேஷனை சி என்று, அதாவது எண்படியே அடுக்குமாறு வைத்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கனி முதலிலும் கவி பின்னாலும் வரும். அகராதியில் கவிதான் முதலில். 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியூ கொலேஷன்கள் கிடைக்கின்றன. தமிழுக்கு உரியதை ஆர்டர் பையிலேயே பெயர் சொல்லிக் கேட்கலாம். பெயர்ப்பட்டியல் அச்சாகப்போகிறது என்றால் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

வரிசை தப்பினால் பிழைச்செய்தி வருவதில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது. பட்டியலின் தலையில் இருப்பதே புதிய விலை என்று நம்பி எழுதிய நிரல், பழைய விலையில் பில் போட்டுக்கொண்டே போகும். சோதனைக் கணினியில் பத்துப் பதிவுகள்தான். அவை பெரும்பாலும் சேர்த்த வரிசையிலேயே வரும், அதனால் சோதனை எல்லாம் தேறிவிடும். இதற்கென்றே எஸ்கியூஎலைட்டில் ஒரு பிராக்மா இருக்கிறது: ரிவர்ஸ் அன்ஆர்டர்ட் செலக்ட்ஸ். அதை இயக்கிவிட்டால், ஆர்டர் பை இல்லாத பல க்வெரிகளின் முடிவுகள் வழக்கத்துக்கு நேர்மாறான வரிசையில் வரும். எஸ்கியூஎலைட்டில் ஓடும் மென்பொருள் என்றால் சோதனைகளை ஒருமுறை அதை அணைத்தும் ஒருமுறை இயக்கியும் ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் தேறி இரண்டாவதில் விழும் சோதனைகளைக் குறித்துக்கொண்டு, அவை தொடும் க்வெரிகளின் வெளிப்புறத்தில் ஆர்டர் பையை எழுதிவிட்டு, வியூக்களுக்குள் கிடப்பவற்றை எடுத்துவிடலாம்.